அறுநூற்று நாற்பது மீட்டர்

அக்டோபர் 6, திங்கள்

ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் அலுவலகத்துக்கு எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. எனக்கென்றும் ஒரு பதிவேடு இருக்கட்டும் என்று இன்று தொடங்குகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதாக உத்தேசம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பள்ளி என்று எழுதுவது பழக்கதோஷம். செம்பேடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கட்டடம் உறுதியாக இல்லை என்று சொல்லி மே மாதம் இடித்துவிட்டார்கள். உறுதியில்லாத அந்தக் கட்டடத்தை இடிக்க இரண்டு இயந்திரங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. அன்றிலிருந்து நாற்பத்து மூன்று பிள்ளைகளும், பியூலா டீச்சரும், தலைமை ஆசிரியனாகிய நானும் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இருக்கிறோம். நான்கும் ஐந்தும் மேடையில். மற்ற மூன்று வகுப்புகளும் கீழே. நேற்று ஒரு காதணி விழா நடந்திருக்கிறது. பெருக்கி முடிக்கப் பத்தரை மணியாயிற்று.

மதியம் வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து கடிதம். ஒவ்வொரு ஊரிலும் 'கல்வித் தேவைகள் ஒத்துழைப்புக் குழு' அமைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூட்டத்தில் பதிவாகும் தேவையைப் பதினைந்து நாளில் தீர்த்துவைக்க வேண்டும். தவறினால் சம்பந்தப்பட்ட அலுவலர் மாவட்டத்துக்கு விளக்கம் அளிக்க வேண்டும். செம்பேட்டுக்கு நான்தான் கூட்டுநர், நானே குறிப்பாளர்.

புதுக் கட்டடத்தைத் தேவை என்று எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். பதினைந்து நாளில் முடியாதவை தேவைகள் ஆகாதாம். அவற்றுக்கு 'நீண்டகால எதிர்பார்ப்புகள்' என்று தனிப் படிவம் வரும் என்றார்கள். படிவம் இன்னும் அச்சாகவில்லை.

அக்டோபர் 8, புதன்

குழுவில் கிழக்குத் தெருப் பள்ளியும் சேருகிறது. அதன் தலைமை ஆசிரியை மங்கையர்க்கரசியை நேரில் போய் அழைத்தேன். மூன்று வருடம் முன்பு கட்டிய கட்டடம். நான்கு வகுப்பறை, பத்தொன்பது பிள்ளைகள். இரண்டு கழிப்பறையிலும் கதவு சாத்துகிறது. சுவரில் பெரிய தொலைக்காட்சி.

"டீ சாப்புடுறீங்களா சார்?" என்றார்.

வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அந்தப் பள்ளியை எங்கள் பிள்ளைகள் வேறு பெயரில் சொல்வார்கள். நான் 'கிழக்குத் தெரு' என்றுதான் எழுதுவேன். எனக்கு அந்த மாதிரி வேறுபாடு எல்லாம் கிடையாது.

அக்டோபர் 10, வெள்ளி

முதல் கூட்டம். சமுதாயக் கூடத்தைத் தவிர வேறு இடமில்லாததால், கல்வித் தேவைகளைப் பற்றிப் பேசுவதற்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டோம்.

வட்டாரக் கல்வி அலுவலர் செல்வி நிறைமதி வந்திருந்தார். வயது முப்பது இருக்காது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர் தணிகாசலம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி செண்பகம், வார்டு உறுப்பினர்கள். செண்பகத்தின் மகள் இங்கே நான்காம் வகுப்பு. செண்பகம் டவுனில் தையல் கம்பெனிக்குப் போகிறவர். மங்கையர்க்கரசி டீச்சர் கடைசி வரிசையில் பியூலா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் கவனிக்கவில்லை போலும்.

மேடம் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "புதுக் கட்டடம் வர எப்படியும் ஒன்றரை வருஷம் ஆகும். கிழக்குத் தெரு ஸ்கூல்ல மூணு ரூம் காலியா கெடக்கு. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க அங்க போய்ப் படிக்கட்டுமே."

 தலைவர் தொண்டையைச் செருமினார்.

"படிக்கட்டும் மேடம். நாங்க என்னா வேணாம்னா சொல்றம்? தூரம்தான் பாக்குறம்."

"எவ்வளவு தூரம் சார்?"

"ரெண்டு கிலோமீட்டர் வரும்."

மேடம் கைப்பேசியில் பார்த்தார். "அறுநூத்தி நாப்பது மீட்டர் காட்டுது."

"அது உங்க போனுக்கு மேடம். புள்ளைங்க காலுக்கு ரெண்டு கிலோமீட்டர். நடுவுல ரோடு வேற. மினிபஸ்காரன் கண்ணுமண்ணு தெரியாம வர்றான்."

அந்த மினிபஸ்ஸை என் ஸ்கூட்டரில் நான் பலமுறை முந்தியிருக்கிறேன். ஆனால் அது குறிப்பாளர் சொல்ல வேண்டிய விஷயமல்ல. வார்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்தப் பக்கம் நாய்த் தொல்லையும் உண்டு என்றார். மேடம் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

"நியாயம்தான். வைத்தியலிங்கம் சார், ரெண்டையும் தேவைன்னு பதிவு பண்ணிக்கங்க."

பதிவு செய்தேன். கூட்டம் இனிதே முடிந்தது. சுண்டலில் உப்பு குறைவு.

அக்டோபர் 16, வியாழன்

சாலையில் இரண்டு வேகத்தடை போட்டுவிட்டார்கள். நாய் பிடிக்கும் வண்டியும் வந்து போனது. பதினொரு நாய்கள் பிடிபட்டன. கிழக்குத் தெருவில் நான்கு, ஊருக்குள் ஏழு. ஏழில் ஒன்று தலைவர் வீட்டு நாய் என்பது பிறகுதான் தெரிந்தது. கருத்தடை முடிந்து காதில் ஒரு சின்ன வெட்டோடு திரும்பி வந்திருக்கிறது. தலைவர் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் எழுதியது நாய் என்றுதான். யாருடைய நாய் என்று எழுதவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சம்பந்தி வீட்டார் வந்தார்கள். வேறு விசேஷமில்லை.

அக்டோபர் 22, புதன்

அடுத்த கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் கொடுக்கக் கிழக்குத் தெருப் பள்ளிக்குப் போனேன். ராத்திரி பெய்த மழையில் அந்தத் தெருவே சேறு. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மங்கையர்க்கரசி டீச்சர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பாத்தீங்களா சார். மழை பேஞ்சா எங்க தெருவுல கால் வைக்க முடியாது. சின்னப் புள்ளைங்க எப்படி வரும்? இதக்கூட நீங்க கூட்டத்துல சொல்லலாமே."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. பள்ளிகளை ஒன்றாக்குவதில் அவருக்கும் விருப்பமில்லை. அப்படித்தானே இருக்கும்? திடீரென்று நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்து இறங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வெளியே சொல்ல முடியாமல் என் மூலம் சொல்கிறார். இருவருக்கும் நல்ல புரிதல் ஏற்பட்டிருக்கிறது.

டீ கேட்டார். சர்க்கரை நோய் என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் இந்த வயதில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அக்டோபர் 24, வெள்ளி

இரண்டாவது கூட்டம். பள்ளிக்கு விடுமுறை.

வேகத்தடையையும் நாய்களையும் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலர் அறிக்கை வாசித்தார். "அப்ப திங்கக்கிழமைலேருந்து பிள்ளைங்க போகலாமா?" என்றார் மேடம். தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, கிழக்குத் தெருவின் சேற்றைப் பற்றிப் பேசினேன். என் செருப்பையும் சான்றாகக் குறிப்பிட்டேன். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். தலைவர் மேடையை விட்டு இறங்கும்போது என் தோளில் தட்டி, "வாத்தியாருன்னா வாத்தியாருதான்" என்றார்.

மங்கையர்க்கரசி டீச்சர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பியூலா டீச்சர் ஏனோ சிரித்தார்.

அக்டோபர் 31, வெள்ளி

ஒரு கல்யாணத்துக்காகப் புதன்கிழமை முதல் கூடம் நம் கையில் இல்லை. முதல் நாள் கோயில் வாசலில் உட்கார வைத்தோம். மழை வந்தது. இரண்டாம் நாள் சமையல்கட்டுக்குப் பின்னால். பாத்திரம் கழுவுகிற இடம், வழுக்கியது. மூன்றாம் நாளான இன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கல்யாண வீட்டார் நல்லவர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலை போட்டுச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

பியூலா டீச்சர் நாகர்கோவில் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "சார், இந்த மாசம் எத்தன நாள் பாடம் நடத்துனோம்னு கணக்கு வச்சிருக்கியளா? நான் வச்சிருக்கேன். ஏழு நாள்" என்றார்.

வருகைப் பதிவேட்டில் எல்லா நாளும் வேலை நாளாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். 

நவம்பர் 5, புதன்

கிழக்குத் தெரு முழுவதும் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். சாலையிலிருந்து பள்ளி வாசல் வரை ஸ்கூட்டர் குலுங்காமல் போகிறது. வேலையாட்களுக்குத் தெருக்காரர்கள் வடையும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு வருஷமா மனு குடுத்தாங்க சார் இந்தத் தெருவுக்கு," என்றார் மங்கையர்க்கரசி டீச்சர். "நீங்க ஒரு தடவ எழுந்து நின்னீங்க, முடிஞ்சிடிச்சி."

முறையாகக் கூட்டத்தில் சொன்னால் எதுவும் நடக்கும் என்றேன். அவர் ஆமோதித்தார். பிறகு தானாகவே, குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றும், மாலையில் தெருவிளக்கு எரிவதில்லை என்றும் சொன்னார். பள்ளி நான்கு மணிக்கே விட்டுவிடுமே என்றேன்.

"கார்த்திகை மாசம் வருது சார். சீக்கிரம் இருட்டிடும். உங்க ஊரு புள்ளைங்க இருட்டுல வரலாமா?"

அதுவும் சரிதான். குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மூன்றாவது கூட்டம். தண்ணீர், விளக்கு இரண்டையும் சொன்னேன். மேடம் உற்சாகமாக, "வெரி குட். வேற?" என்றார். இவ்வளவு தேவைகளை எடுத்துச் சொல்லும் கூட்டுநர் இந்த வட்டாரத்திலேயே இல்லையாம். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

கூட்டம் முடியும் நேரத்தில் செண்பகம் எழுந்தார். அவர் பேசுவது இதுதான் முதல் முறை.

"மேடம், எம் பொண்ணு நாலாவது படிக்குது. எங்க அம்மாவுக்கு வாங்கியாந்த மருந்து அட்டையில என்னா போட்டுருக்குன்னு படிக்கச் சொன்னன். எழுத்துக் கூட்டுது, வார்த்தை வரல. அப்ப ஸ்கூலுல என்னாடி படிச்சன்னு கேட்டன். எந்தக் கல்யாணத்துல என்னா பாயசம்னு வரிசையா ஒப்பிக்குது. ஒண்ணுகூட தப்பில்ல."

சிலர் சிரித்தார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைங்க வெசனத்துல பேசுறது. அதெல்லாம் எழுத வேணாம் வாத்தியாரே," என்றார் தலைவர்.

எழுதவில்லை. அது தேவை என்ற தலைப்பின் கீழும் வரவில்லை, எதிர்பார்ப்பு என்ற தலைப்பின் கீழும் வரவில்லை. செண்பகத்தின் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது நான்தான். இரவு சாப்பாடு இறங்கவில்லை. மதியம் சாப்பிட்டது சேரவில்லை போல.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். கூடத்தில் வளைகாப்பு.

நவம்பர் 17, திங்கள்

கிழக்குத் தெருவில் புதுக் குழாயும் பதினாறு விளக்குகளும் வந்துவிட்டன. நல்ல வெளிச்சம் என்று பியூலா டீச்சர் சொன்னார். பிறகு கேட்டார்: "அது சரி சார், நம்ம ஊருக்கு என்ன கெடச்சுது?"

வேகத்தடை, என்றேன்.

மாலையில் தலைவர் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி, லைட்டு, தெரு... இதெல்லாம் உமக்கு யாரு எடுத்துக் குடுத்தது?"

மங்கையர்க்கரசி டீச்சரின் யோசனைதான் என்று உண்மையைச் சொன்னேன். அவருக்கும் நம் கருத்துதான் என்றும் விளக்கினேன். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய்கூடப் பார்த்தது.

"வாத்தியாரே, அந்தம்மா உமக்குப் பாடம் நடத்தியிருக்கு. நீரும் ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி திருப்பிச் சொல்லியிருக்கீரு. பதினோரு வருஷம் நான் நிறுத்தி வச்சிருந்ததை ஒரு மாசத்துல வாங்கிக்கினு போயிட்டாங்க."

அவர் அப்படிப் புரிந்துகொண்டால் நான் என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தபோது, கொஞ்சம் அப்படியும் இருக்கலாம் என்று பட்டது.

அனுப்பும் முன் அவர் சொன்னது இது: "வர்ற வெள்ளி கூட்டத்துல முடிவு பண்ணிடுவாங்க. அந்தப் பில்டிங்கு செவுத்துல விரிசல் இருக்கு. நீரு போய்ப் பாத்து, ஹெட்மாஸ்டரா ஒரு ரிப்போர்ட் எழுதிக்கினு வாரும். அதுக்கு மேல யாரும் பேச முடியாது."

விரிசல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"போய்ப் பாத்தா இருக்கும்," என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

கிழக்குத் தெருப் பள்ளிக்குப் போனேன். கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று மங்கையர்க்கரசி டீச்சர் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொடுத்தார்.

"நல்லாப் பாருங்க சார். கெடைச்சா எனக்கும் சொல்லுங்க. இங்க உக்காந்திருக்கற பத்தொன்பது புள்ளைங்களுக்கும் அது ஆபத்துதானே?"

நான்கு அறையையும் பார்த்தேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தை, "சார் என்ன தேடுறாரு டீச்சர்?" என்று கேட்டது. "தெரியலம்மா, தொலைச்சது கெடைக்கட்டும்," என்றார் டீச்சர். மூன்றாம் அறையில் ஜன்னலுக்குக் கீழே பூச்சில் ஒரு கோடு. ஒரு சாண் இருக்கும். நகத்தால் கீறிப் பார்த்தேன். பென்சில் கோடு.

ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று டீ வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்கவில்லை.

அவர் ஊர் எது என்று நான் இதுவரை விசாரித்ததில்லை. விசாரிக்கத் தேவை இருந்ததில்லை.

நவம்பர் 20, வியாழன்

அறிக்கையை எழுதிவிட்டேன். "மூன்றாம் வகுப்பறையின் மேற்குச் சுவரில் சுமார் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் போன்றதொரு தோற்றம் காணப்படுகிறது." இதில் பொய் எதுவும் இல்லை. தோற்றம் காணப்பட்டது உண்மை.

மனைவி வாங்கிப் படித்தாள். "விரிசலா, தோற்றமா?" என்றாள். இவளுக்கு அலுவலக நடை தெரியாது.

நாளை மருத்துவ விடுப்பு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தொண்டை கரகரப்பாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

விடுப்புக்குத் தொலைபேசியில் சொன்னேன். குறிப்பாளர் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது என்று மேடம் ஜீப்பை அனுப்பிவிட்டார்.

கூடம் நிறைந்திருந்தது. ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். கிழக்குத் தெருவிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்து வாசலருகே நின்றார்கள். மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். வேகத்தடை, முடிந்தது. நாய், முடிந்தது. தெரு, குடிநீர், விளக்கு, முடிந்தன.

"இனி பிள்ளைங்க போறதுக்குத் தடை ஏதும் இருக்கா?"

தலைவர், "நம்ம ஹெட்மாஸ்டர் அந்தக் கட்டடத்தைப் பாத்துட்டு வந்திருக்காரு. அவரு சொல்லுவாரு," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறிக்கை சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன். கடைசி வரிசையில் மங்கையர்க்கரசி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசலாம் என்று வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகவே கட்டியிருந்ததுதான். தண்ணீர் வேண்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"சாருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்," என்றார் மேடம். "வேற யாராவது? எந்தக் காரணமா இருந்தாலும் தாராளமாச் சொல்லுங்க. சார் அப்படியே எழுதிக்குவார். சொன்னவங்க பேரோட."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடியது. முப்பத்து மூன்று ஆண்டில் இவ்வளவு அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை. அந்தக் காரணம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் வந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பதும் தெரியும்.

செண்பகம்தான் பேசினார். "தலைவரே, உங்க பேரன் டவுனு ஸ்கூலுல படிக்குது. எங்க புள்ளைங்களுக்கோசரம் நீங்க ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க? எம் பொண்ணு திங்கக்கிழமை போவும். அவ்ளோதான்."

வேறு யாரும் பேசாததால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எழுதினேன்.

நவம்பர் 24, திங்கள்

நாற்பத்து மூன்று பேரில் ஏழு பேர் வந்தார்கள். செண்பகத்தின் மகள்தான் முன்னால் நடந்து வந்தாள். வழியில் டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்களாம். பிள்ளைகள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றவர்களில் பன்னிரண்டு பேருக்கு டவுன் தனியார் பள்ளியில் இடம் கேட்டு, வேன் பிடித்துவிட்டார்கள். டவுன் ஒன்பது கிலோமீட்டர். மீதிப் பேர் வீட்டில்.

வருகைப் பட்டியல் எழுதத் தாள் இல்லை. சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

ஏழு.

நவம்பர் 26, புதன்

ஏழு. தலைவரை வழியில் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். அவர் என் ஸ்கூட்டருக்கு அப்பால் எதையோ பார்த்தார்.

நவம்பர் 28, வெள்ளி

பதினொன்று. புதிதாக வந்த நால்வரும் வீட்டில் சண்டை போட்டு வந்தவர்கள். இங்கே மத்தியானம் தொலைக்காட்சியில் படப்பாடம் என்று செண்பகத்தின் மகள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

வீட்டிலிருந்து ப்ளாஸ்க் எடுத்துவர மறந்துவிட்டேன். பதினொரு மணிக்குத் தலை வலித்தது. பியூலா டீச்சருக்கும் தனக்கும் மங்கையர்க்கரசி டீச்சர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டேன். அவர் மூன்றாவது டம்ளரை எடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்.

"சர்க்கரை போடலாமா சார்? உங்களுக்கு நோய் இருக்குன்னீங்களே," என்றார்.

பரவாயில்லை என்றேன்.

டிசம்பர் 3, புதன்

இன்றும் ப்ளாஸ்க் மறந்துவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

இருபத்தெட்டு. வீட்டில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் எத்தனை நாள்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்? வேனில் போனவர்களில் மூன்று பேரும் திரும்பினார்கள். அங்கே தேர்வு வைத்து இரண்டு வகுப்பு கீழே உட்கார வைத்தார்களாம். ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "அப்ப இத்தன நாளா நீங்க என்னா சார் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். புயல் வருவதாகச் செய்தி இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் இப்போது என் பொறுப்பு. காலையில் ஒரு மணி நேரம் எல்லோரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். செண்பகத்தின் மகள் இன்று ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். அவள் உட்கார்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். தூசி.

டிசம்பர் 12, வெள்ளி

மேடம் தொலைபேசியில் அழைத்தார். நம் குழுவை மாவட்டத்துக்கே முன்மாதிரியாக அறிவித்திருக்கிறார்களாம். ஒத்துழைப்பு எவ்வாறு சாத்தியமாயிற்று என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். எழுதுகிறேன் என்றேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மதியம் இரண்டாம் வகுப்பில் கைகலப்பு. ஊரைச் சேர்ந்த தர்ஷனும் கிழக்குத் தெரு லெனினும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். இரண்டு கையிலும் பல் தடம். முதலில் கடித்தது யார் என்று பத்துச் சாட்சிகள் பத்து விதமாகச் சொன்னார்கள்.  இத்தனை நாளாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இரண்டு தாய்மார்களுக்கும் ஆள் அனுப்பினேன். வாசலில் தலைவரின் ஆட்கள் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியர் அறையில் ஒரே ஒரு பெஞ்சுதான். லெனினின் தாய் முதலில் வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்து தர்ஷனின் தாய் வந்தார். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையெல்லாம் மண். உட்காருங்கள் என்றேன்.

"இருக்கட்டும் சார், நிக்கிறன்."

விசாரணை நீண்டது. ஒரு கலர் பென்சில்தான் காரணம். அது இருவருடையதும் இல்லை, பள்ளியுடையது. பாதி விசாரணையில் தர்ஷனின் தாய்க்குக் கால் வலித்திருக்க வேண்டும். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். பையன்கள் இருவரும் நடுவில் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பல் தடம் எவ்வளவு ஆழம் என்று ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, விளையாட்டுப் பீரியடு முடிந்துவிடும், போகட்டுமா என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

தாய்மார்கள் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தர்ஷனின் தாய் பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்து, "உம் பையன் வூட்டுல படிக்கிறானா?" என்று கேட்டார்.

"எங்க? பையத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடுறான்."

"எங்க வூட்டுலயும் அதே கதைதான். கேட்டா, சார் ஒண்ணும் குடுக்கலன்றான்."

"இவனும் அதான் சொல்றான்."

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் சார், நீங்க வீட்டுப்பாடமே குடுக்கறதில்லையாமே?"

இரண்டாம் வகுப்பு பியூலா டீச்சரின் பொறுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் நீங்கதானே என்றார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் பேசினார்கள். கையெழுத்து சரியில்லை, வாய்ப்பாடு தெரியவில்லை, தமிழில் தன் பெயரையே தப்பாக எழுதுகிறான். என்னால் நடுவில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அறைக்கு வெளியே மங்கையர்க்கரசி டீச்சரும் பியூலா டீச்சரும் நின்றிருந்தார்கள். உள்ளே வந்து உதவும் எண்ணம் இருவருக்கும் இல்லை.

போகும்போதும் ஒன்றாகத்தான் பேசிக்கொண்டே போனார்கள், கேட் வரைக்கும்.

திங்கள்கிழமை முதல் எல்லா வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டும்.